டாப்பெட்டா, பேரிங்கா

என் மச்சானுக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் சமாதானம் பேச வர வேண்டாம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பென்னலூரில் எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அந்த மதிலோரம் தன் பழைய பிக்கப்பை நிறுத்துவான். காலையில் அதைக் கிளப்பி, பல் தேய்த்து முகம் கழுவி வரும்வரை அப்படியே ஓட விடுவான். புகை நேரே எங்கள் சமையலறைக்கு வரும். கேட்டால், காற்று அந்தப் பக்கம் அடித்தால் நான் என்ன செய்ய என்பான்.

பகைக்குக் காரணம் புகை இல்லை, என் வேலை. மாமனார் வீட்டு நிலம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போனபோது குடும்பத்துக்கு ஒரு வேலை என்று பேச்சு. மச்சானுக்கு வயது தாண்டியிருந்தது, படிப்பும் பாதியில் நின்றிருந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து ஐடிஐ படித்துவிட்டுப் பிழைக்க வந்து, அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியிருந்த எனக்கு அது வந்தது. நான் போய்க் கேட்கவில்லை. மாமனாரே முன்னால் நின்று சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து தன் தட்டில் இருந்த மீனை நான் எடுத்துத் தின்றுவிட்ட மாதிரிதான் மச்சான் என்னைப் பார்ப்பான். கல்யாண வீடோ துக்க வீடோ, நாலு பேர் கூடினால் போதும், எங்க நெலத்துலதான் மாப்ள வேல பாக்கறாரு என்று சிரித்துக்கொண்டே சொல்வான். 

அந்த வேலை என்னவென்றால், சத்தம் கேட்பது. லைனின் கடைசியில் புது இன்ஜினைக் கிளப்புவார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்பேன். மெஷின் ஒரு பக்கம் திரையில் கோடு போட்டுக் காட்டும்; ஆனாலும் ஓர் ஆள் காதால் கேட்டுத் தலையாட்டினால்தான் இன்ஜின் அடுத்த இடத்துக்குப் போகும். காதில் அடைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பஞ்சு கொடுத்திருந்தார்கள். அதை வைத்தால் நுணுக்கம் தெரியாது. அதனால் அந்த இடத்தில் நின்ற எல்லோருமே ஒரு காதுப் பஞ்சை உருவி மேல் பையில் போட்டுக்கொள்வோம். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காதது போல் போவார். பஞ்சை எடுக்காதவனை எங்களுக்குள் பயந்தாங்கொள்ளி என்போம், அவன் சொல்லும் பேச்சை மதிக்கமாட்டோம். இந்த வீரத்தில் வலது காது களைத்தால் இடது, இடது களைத்தால் வலது என்று மாற்றி மாற்றி இரண்டையும் கெடுத்துக்கொண்டேன்.

முழுச் செவிடு இல்லை. லாரி வந்தால் கேட்கும், மேளம் கேட்கும், மச்சான் பேசினால் என் கெட்ட நேரம், நன்றாகவே கேட்கும். மெல்லிசான, கூரான சத்தங்கள்தான் போய்விட்டன. கொசு காதருகில் வந்தால் தெரியாது. வாஷிங் மெஷின் முடிந்ததும் போடும் பீப் எனக்கு இல்லை. சர்ச்சில் சின்னப் பிள்ளைகள் பாடினால் வாய் அசைவது மட்டும் தெரியும். வேலையில் திரையின் கோட்டை ஓரக்கண்ணால் பார்த்துத் தலையாட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி மருத்துவ அறையில் காதைச் சோதிப்பார்கள். கண்ணாடி வைத்த கூண்டுக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வேண்டும், சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா குமிழைத் திருகும்போது அவர் தோள் கொஞ்சம் ஏறும். நான் தோளைப் பார்த்து அமுக்கிவிடுவேன். போன வருஷம் அப்படித்தான் தப்பித்தேன். இந்த வருஷச் சோதனை கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்று போர்டில் ஒட்டிவிட்டார்கள். மாட்டினால் லைனில் என் இடம் போய்விடும். இது வெளியில் யாருக்கும் தெரியாது, என் மனைவியைத் தவிர. அவள் அண்ணனுக்கு மட்டும் தெரிந்தால் தீர்ந்தது. அவன் எங்கள் கம்பெனி யார்டிலிருந்துதான் சரக்கு அடுக்கும் மரப் பேலட்டுகளை ஏற்றி மறைமலை நகருக்கு அடிக்கிறான். கேட்டிலிருந்து சூப்பர்வைசர்வரை எல்லோரிடமும் அவனுக்குப் பழக்கம்.

மச்சானுக்கு நல்ல காது. சொல்ல எனக்கு மனசில்லை, இருந்தாலும் உண்மை. சர்ச் பாடகர் குழுவில் சுருதி பிடித்துக் கொடுப்பவன் அவன். அதற்கென்று போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறான். எந்தச் சுரம் வேண்டுமோ அதை ஊதும். யாராவது மயிரிழை தப்பினால் பாட்டின் நடுவிலேயே திரும்பி முறைப்பான்.

அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் பிக்கப்பின் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். நான் தெருவில் நுழைவதைப் பார்த்ததும், அக்கம்பக்கத்தார் கேட்கும்படி கூப்பிட்டான்.

"இன்னா மாப்ள, கம்பெனில இன்ஜின் டாக்டராச்சே நீ. இந்த டிக் டிக்க கேட்டு சொல்லு. டாப்பெட்டுதானே?"

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டாப்பெட் என்பது இன்ஜினின் மேல்மூடிக்குள் வால்வைத் தட்டும் பாகம், இடைவெளி கூடினால் டிக் டிக் என்னும். எனக்கு எந்த டிக்கும் கேட்கவில்லை. ஆனால் வேறொன்று கேட்டது. அடியிலிருந்து, கனமாக, யாரோ மூடிய கதவை முஷ்டியால் குத்துவது மாதிரி. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் ஏற்றி விடச் சொன்னேன். விட்டபோது அந்தக் குத்து இன்னும் தெளிவானது. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை வாங்கி, முனையை இன்ஜினின் கீழ்ப்பக்கம் வைத்து, பிடியை என் தாடை எலும்பில் அழுத்தினேன். எல்லோரும் காதில் வைப்பார்கள். எனக்குக் காதைவிடத் தாடை நம்பகம்.

டாப்பெட் இல்லை, அடியில் பேரிங் அடிக்கிறது என்றேன். பிஸ்டன் கம்பி, சுழல்தண்டான கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் பேரிங். தேய்ந்துபோனால் இப்படித்தான் குத்தும். அப்படியே ஓட்டினால் கிராங்கையும் தின்றுவிடும், அப்புறம் இன்ஜின் பழைய இரும்புக்குத்தான் போகும். இப்போதே அடியில் இருக்கும் ஆயில் பேனைக் கழற்றிப் பார், வண்டியைக் கிளப்பாதே என்றும் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன், அவன் மேல் எனக்கு அன்பில்லாவிட்டாலும்.

அவன் முகம் சுருங்கிப்போனது. இன்ஜினைப் பிரித்தால் வண்டி வாரக்கணக்கில் படுத்துவிடும். அவன் நடையைப் பிடுங்கிக்கொள்ள யார்டு வாசலில் வேறு வண்டிகள் காத்திருந்தன. ஆனால் அதையா சொன்னான்? மதிலுக்கு மேல் எட்டி, சமையலறையில் இருந்த என் மனைவியிடம் சொன்னான்.

"என் வண்டிய படுக்க வெச்சிட்டுதான் உன் வூட்டுக்காரன் சோறு துன்னுவான் போல கீது. ஊருக்கே டிக் டிக்னு கேக்குது, இவனுக்கு மட்டும் அடில அடிக்குதாம்."

அவள் என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை எதற்கென்று எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை என்னை விடாப்பிடியாகச் சுங்குவார்சத்திரத்துக்கு இழுத்துப் போனான். பஸ் ஸ்டாப் தாண்டி டீக்கடைகளுக்குப் பின்னால் அவனுக்கு வாடிக்கையான மெக்கானிக் ஷெட் இருந்தது. என் யோசனை கேட்க இல்லை, மெக்கானிக் முன்னால் என் மூக்கை உடைக்க. மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு டாப்பெட் என்றார். மச்சான் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். செருப்பைக் கழற்றலாமா என்று இருந்தது. மூடியைக் கழற்றி, இடைவெளி பார்த்து, முறுக்கிச் சரிசெய்து மறுபடி கிளப்பினார்கள். அடியில் குத்து அப்படியே இருந்தது.

மச்சான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி என் பக்கம் திரும்பி, டிக் சத்தம் போயிடுச்சா மாப்ள என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? வேலை முடிந்துவிட்டது, ஆகவே போயிருக்கும் என்று நினைத்தேன். சுத்தமா போயிருச்சு என்றேன். மெக்கானிக்கும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சத்தம் பாதிகூடக் குறையவில்லை, நாலாவது டாப்பெட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார் மெக்கானிக். முக்கால்வாசி போயிருச்சுன்னுதான் சொன்னேன் என்று மழுப்பினேன். மச்சான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விடுகிற ஆள் இல்லை அவன். வரும் வழியெல்லாம் எனக்கு அதுதான் உறுத்தியது.

நான் சொன்னபடிதான் ஆனது. அடுத்த வாரம் பேலட் ஏற்றிக்கொண்டு ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போது டேஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு மின்னியிருக்கிறது. குத்தும் உள்ளேவரை கேட்டிருக்கிறது. அவனே பயந்து வண்டியை ஓரம் கட்டி, லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்து ஷெட்டில் சேர்த்தான். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது போன் வந்தது. வா என்று மட்டும் சொன்னான். போகாமல் இருந்திருக்கலாம். நான் ஜெயித்ததை என் கண்ணால் பார்க்க வேண்டாமா, போனேன்.

இந்தத் தடவை நான் சொன்னதை மெக்கானிக் மறுபேச்சில்லாமல் செய்தார். கொஞ்ச நேரம் மட்டும் கிளப்பச் சொல்லி, இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் பைப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னேன். தளர்த்தினால் அந்த சிலிண்டர் மட்டும் வேலையை நிறுத்தும். முதலாவதைத் தளர்த்தினார், குத்து அப்படியே. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தியதும் குத்து சட்டென்று அடங்கியது. திரும்ப இறுக்கினார், திரும்பக் குத்தியது. போதும் நிறுத்து என்றேன். ஆயிலை வடித்தால் தட்டில் ஜிகினா கலந்த மாதிரி மினுமினுப்பு. காந்தத்தை விட்டுப் பார்த்தோம், ஒட்டவில்லை. இரும்பாக இருந்தால் ஒட்டியிருக்கும், இது பேரிங்கின் மேல்பூச்சு. ஆயில் பேனைக் கழற்றி மூன்றாவது பேரிங்கைக் கையில் எடுத்தபோது அது தகடாகத் தேய்ந்திருந்தது. கிராங்கில் விரலை ஓட்டிப் பார்த்தார் மெக்கானிக். கீறல் ஆழமில்லை, பாலிஷ் போட்டால் பிழைத்துக்கொள்ளும், இன்னும் ஒரு நடை போயிருந்தால் அவ்வளவுதான் என்றார்.

நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம், வெட்கம் இல்லாமல் சொல்கிறேன்.

அப்போதுதான் மெக்கானிக் அந்தப் பாழாய்ப்போன கேள்வியைக் கேட்டார். அத்தனை டிக் சத்தத்தில் அடியில் குத்துவது உங்களுக்கு எப்படி சார் கேட்டது, எங்களுக்கெல்லாம் அந்த டிக்கே காதைப் பிடித்துக்கொண்டதே என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். பழக்கம் என்று சொல்லிவிட்டு, கந்தல் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

துடைத்துக்கொண்டே இருந்தேன். மெக்கானிக் தலையைத் தூக்கி என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். டயரோரம் படுத்திருந்த ஷெட் நாய் எழுந்து காதை விறைத்து அதே பக்கம் பார்த்தது. நானும் திரும்பினேன். எனக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் மச்சான் நின்றிருந்தான். கையில் போன். பாடகர் குழுவுக்குச் சுருதி ஊதும் ஆப்பைத் திறந்து, மேல் சுரத்தில் வைத்து, என் பிடரிக்கு நேராகப் பிடித்திருந்தான். அது ஊதிக்கொண்டே இருந்ததாம். எனக்கு ஒன்றுமே இல்லை. அவன் விரலால் திரையைத் தேய்த்துக் கீழே கொண்டுவந்தான், கொண்டுவந்தான், ஓர் இடத்தில் எனக்கும் கேட்டது. என் முகம் மாறியதை அவன் பார்த்துவிட்டான்.

போனைச் சட்டைப் பையில் போட்டான். எனக்கு ஒரு எழுத்துக்கூடத் தப்பக்கூடாது என்று மெதுவாக, கனமான குரலில் சொன்னான்.

"எங்கப்பன் நெலத்த குடுத்து வாங்கின வேலைல ஒரு செவுடன நிக்க வெச்சிகினு கீறானுங்க."

எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது.

"அந்தச் செவிடன்தான்வே உம்ம இன்ஜினக் காப்பாத்துனான்."

மெக்கானிக் பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். அடித்துக்கொள்வோம் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மச்சான் அடிக்கவில்லை. நாளைக்கு உங்க யார்டுக்கு வரேன், பேசிக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டான்.

யார்டில் அவனுக்கு என்ன பேச்சு? வண்டி பிரித்துக் கிடக்கிறது, லோடு இல்லை. சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுக்கத்தான் வருகிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். எங்கண்ணன் வாய் நீளம், ஆனா அதச் செய்யற ஆள் இல்ல என்றாள். உன் அண்ணனுக்கு நீ வேறு எப்படிப் பேசுவாய் என்று அவள் மேலும் பாய்ந்தேன். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் பஸ்ஸில் போகும்போது ஒரே யோசனைதான். அவன் வந்து, பல்லைக் காட்டிக்கொண்டு, எங்க மாப்ளைக்குக் காது கேக்காது சார் என்று நாலு பேர் முன்னால் சொல்வான். அதைக் கேட்டு நான் தலைகுனிந்து நிற்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுப்பேனா? லைனுக்குப் போகாமல் நேரே மருத்துவ அறைக்குப் போனேன். நர்ஸம்மாவிடம், எனக்கு மெல்லிய சத்தம் கேட்பதில்லை, போன வருஷம் உங்கள் தோளைப் பார்த்துத்தான் அமுக்கினேன் என்று சொல்லிவிட்டேன்.  அவர் கூண்டுக்குள் உட்காரச் சொல்லி, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார வைத்தார். பட்டனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அமுக்க வேண்டிய நேரமெல்லாம் சும்மா போனது.

வேலையை விட்டு அனுப்பவில்லை. லைனிலிருந்து எடுத்தார்கள். என் இடத்தில் வேறொருவன் நின்றான். முதல் நாளே ஒரு காதுப் பஞ்சை உருவிப் பையில் போட்டான். போய் அவன் கையைப் பிடித்துத் திட்டினேன். சரிண்ணா என்று சிரித்தான், நான் நகர்ந்ததும் மறுபடி உருவியிருப்பான். எனக்குக் கொடுத்தது யார்டு. காலிப் பேலட்டுகளை அடுக்க வைத்து, வரும் வண்டிகளில் ஏற்றிவிடுகிற வேலை. வெயில், மரத்தூசி, டிரைவர்களின் கெட்ட வார்த்தை. நிழலில் நின்று இன்ஜினுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அன்றைக்கு யார்டுக்கு வருகிறேன் என்ற மச்சான் வந்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது கூண்டுக்குள் இருந்தேன். அவன் வண்டி சரியாகி, லோடு ஏற்ற வந்த நாளில்தான் நேருக்கு நேர் பார்த்தோம். பிக்கப்பைப் பின்னால் எடுத்து, என் கால் விரலை ஒட்டி நிறுத்தினான். இறங்கவில்லை. ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீயா போயி சொல்லிகினியாமே மாப்ள. நான் போட்டு குடுத்துடுவேன்னு நெனச்சியா?"

பின்னே எதற்கு வருகிறேன் என்றாய், யார்டில் உனக்கு என்ன பேச்சு என்று கேட்டேன்.

"வண்டி ரெடியாவற வரைக்கும் என் நடைய வேற எவனுக்கும் குடுக்காம பாத்துக்க, கம்பெனி ஆளுன்னு யார்டுல நீ ஒரு வார்த்த சொல்லுன்னு உன்கிட்ட கேக்கலாம்னு வந்தேன். நீ லைன்ல இல்லன்னானுங்க." முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டான். "என் தங்கச்சி சோத்துல நானே மண்ணள்ளி போடுவேனா?"

அதை அன்றைக்கே ஷெட்டில் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். செவிடன் என்று சொல்ல மட்டும் வாய் வந்தது. நாசமாய்ப் போகிறவன். நர்ஸம்மாவின் தோள் இந்த வருஷமும் ஏறியிருக்கும், நான் இந்த வருஷமும் தப்பித்திருப்பேன். இவன் மேல் இருந்த ஆத்திரத்தில் என் வாயாலேயே என் இடத்தைக் கெடுத்துக்கொண்டேன், இவனோ உதவி கேட்க வந்திருக்கிறான். அவனை மன்னிக்க இன்னும் எனக்கு மனசு வரவில்லை. முன்னைவிட அதிகமாகவே பிடிக்காமல் போய்விட்டது.

பேலட் ஏற்றி முடித்துக் கயிறு கட்டினார்கள். அவன் வண்டியைக் கிளப்பினான். நான் போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தேன். அடியில் குத்து இல்லை. மூன்றாவது பேரிங் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது, என் புண்ணியத்தில். மேலே என்ன நடக்கிறது என்றுதான் தெரியவில்லை. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்டுவிட்டேன். அந்த டிக் சத்தம் போயிருச்சா என்று.

 மச்சான் பாட்டுக் குழுவில் சுருதி பார்ப்பது மாதிரி தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டான்.

"போயிடுச்சி" என்றான்.

வண்டி கேட்டைத் தாண்டிப் போனது. நிஜமாகப் போய்விட்டதா, என்னை வைத்து விளையாடுகிறானா, தெரியாது. இனிமேல் அவன் சொல்வதைத்தான் நான் நம்ப வேண்டும்.